மூன்றாவது தோசை

பஸ் கிளம்புவதற்கு முன்பே அழகுமலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். செருப்பை வாசலில் உதறி, நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, மொசைக் தரையில் பாய்கூட விரிக்காமல் ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்து, முதுகு சில்லிட்டுக்கொண்டு வர ஒரு பெருமூச்சும் விட்டாகிவிட்டது. உடம்பு மட்டும்தான் பெரியார் பஸ் ஸ்டாண்டில், திருநகர் போகிற டவுன் பஸ்ஸின் ஜன்னலோரத்தில், கொதிக்கிற ரெக்சின் சீட்டின் மேல் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி... இல்லை, தோசை வேண்டாம், சட்டியில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம். கேஸ் ஏஜென்சியின் ஷட்டரை இறக்கிப் பூட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை வரை சிலிண்டராவது சிங்காரமாவது. இப்படி ஒரு வாரம் எதிரிக்குக்கூட வரக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரே மகளுக்குக் கல்யாணம். திங்களன்று ஒரு நாள் லீவு கொடுத்த முதலாளி, செவ்வாய்க்கிழமையே கைரேகை பதிகிற மிஷினுக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். ரேகை வைக்காதவர்களுக்கு இனி சிலிண்டர் கிடையாது என்று எவனோ ஒருவன் ஊரில் கிளப்பிவிட, வந்த கூட்டத்தின் தலை சிம்மக்கல்லில் ஏஜென்சி வாசலில் என்றால் வால் வைகையைத் தாண்டி செல்லூரில் சுருண்டு கிடந்தது. இது அழகுமலையின் கணக்கு. பாதியைக் கழித்துக்கொண்டாலும் மீதி நிஜம். வந்த கிழவிகளில் பாதிப் பேருக்கு விரலில் ரேகையே இல்லை. மிஷின் 'மறுபடியும் வை, மறுபடியும் வை' என்று கத்திக்கொண்டே இருக்கிறது. "பாத்திரம் வெளக்கி வெளக்கி எல்லாம் தண்ணித் தொட்டியில போயிருச்சு சாமி, அங்க போயிப் பதிஞ்சுக்க" என்றாள் ஒருத்தி. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கண்ணை மூடினால் விரல் விரலாக வருகிறது. விரல்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் தரை, ஃபேன், காற்று. அதற்கும் அந்தப் பக்கம் சமையலறை நிலைப்படியில் பஞ்சவர்ணம் நிற்கிறாள். அங்கே வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது.

ஏனென்றால் அவள் இந்தச் சனி ஞாயிறில் பேசப் போகிறாள். சும்மா பேச்சு இல்லை, நேருக்கு நேர், அவரிடமே. வியாழக்கிழமை ஓசூருக்கு மாப்பிள்ளையோடு கிளம்பிய ரஞ்சி, காரில் ஏறப் போனவள், எதையோ மறந்ததுபோலத் திரும்பி வந்து அவர் காதோடு சொன்னாள். "அப்பா, கூட்டமெல்லாம் போகட்டும். இந்தச் சனி ஞாயிறுல உங்ககிட்ட அவங்களே பேசணும்னு அம்மா சொன்னாங்க." "யாரு?" "அம்மா." "எந்த அம்மா?" "நம்ம வீட்ல எத்தனை அம்மா இருக்காங்க? போங்கப்பா." அழுத கண்ணோடு சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாரத்தின் மிச்சத்தை அவர் நீந்திக் கடந்தார். ஒன்பது வருஷமாகப் பஞ்சவர்ணம் புருஷனோடு பேசுவதில்லை. சண்டை கிடையாது. சமைப்பாள், துவைப்பாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பாள். பேச்சு மட்டும் மகள் வழியாகத்தான். "ரஞ்சி, தண்ணி காஞ்சிருச்சு, அப்பாவைக் குளிக்கச் சொல்லு." இரண்டடி தள்ளி, துண்டும் தோளுமாக அவர் நின்றுகொண்டிருப்பார். காதில் தெளிவாக விழும். ஆனாலும் நகரக் கூடாது. ரஞ்சி தலையைத் திருப்பி "அப்பா, தண்ணி காஞ்சிருச்சாம்" என்று சொன்ன பிறகுதான் அந்தச் செய்தி அவருக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம். அந்தச் சட்டத்தை யாரும் எழுதவில்லை, யாரும் மீறியதுமில்லை. ரஞ்சி பள்ளிக்கூடம் போனால் வீட்டில் பேச்சும் பள்ளிக்கூடம் போய்விடும், சாயங்காலம் அவளோடு பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும். பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் ஒருநாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். "எனக்குப் படிக்கணும். பரீட்சை முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் சொல்லிக்காதீங்க." அந்த மாதம் முழுக்கத் தெருவில் போகிற ஐஸ் வண்டியின் மணிதான் அந்த வீட்டில் கேட்ட ஒரே குரல்.

ஆனால் அழகுமலைக்கு ஓர் ஆறுதல் உண்டு. வருஷம் போகப் போகப் பேச்சு நீண்டது. முன்னால் நின்று கேட்கிற பேச்செல்லாம் பழையபடி நறுக்குத் தெறித்தாற்போலத்தான் இருக்கும், 'சாப்பிடச் சொல்லு', 'கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேளு' என்கிற மட்டும். உள்ளே மிக்ஸி ஓடும்போது சொல்லியனுப்புகிற பேச்சுக்கு மட்டும் ருசியே வேறு. "அப்பா, வெயில்ல நடந்து வராதீங்களாம், ஷேர் ஆட்டோ பிடிச்சு வரணுமாம்." "அப்பா, நீங்க எளைச்சுப் போயிட்டீங்களாம்." ஒரு தடவை, "அப்பா, அந்த நீலச் சட்டை உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்காம்." அன்றிலிருந்து அவர் வாங்கிய சட்டையெல்லாம் நீலம்தான். ஏஜென்சியில் அவருக்கு நீலகண்டன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும். நீலச் சட்டையின் உள்ளே இருக்கிற சங்கதி அவன்களுக்கு என்ன தெரியும்? ஒருத்தி கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்பது வருஷமாக, நூல் நூலாகப் பிரித்துக்கொண்டு வருகிறாள், கடைசி முடிச்சு இந்தச் சனி ஞாயிறு. அப்படியும் இருக்கலாம். இப்படியும் இருக்கலாம்: பெண்ணைக் கரையேற்றியாகிவிட்டது, இனி இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை, அருப்புக்கோட்டையில் அண்ணன் வீட்டோடு போய் இருந்துகொள்கிறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாளோ? அந்தப் பேச்சை மகளிடம் சொல்லியனுப்ப முடியாதே, நேரில்தானே சொல்ல வேண்டும். இன்று காலையில் பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கியிருந்தது. அவர் பார்த்தார். பார்க்காததுபோல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சூட்கேஸ் எதற்கு? நேற்று சாயங்காலம் கடைசி விருந்தாளியாக அவருடைய அக்காவும் ஊருக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. தூது போக ஆள் இல்லையே. ராத்திரி மூடி வைத்த தட்டு. காலையில் கட்டி வைத்த டிபன். நடுவில் சூட்கேஸ்.

"சார், நீங்க சிம்மக்கல் கேஸ் ஆபீஸ்தான?" பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் கேட்டார். பழங்காநத்தம் தாண்டியிருந்தது. "ஆமா." "எங்க ஆத்தாளுக்கு ரேகை விழல சார், நாலு தடவை திருப்பி அனுப்பிட்டாக." அழகுமலையின் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. அதற்கும் அவருக்கும் பல சமயம் சம்பந்தமே கிடையாது. "விரல்ல விழலேன்னா முழங்கையில எடுக்கலாம். நேத்து ஒரு பாட்டிக்கு முழங்கையிலயும் விழல. கடைசியில மூக்கு நுனியை வைக்கச் சொன்னேன். மிஷினு பச்சை லைட்டு போட்டு, பேரு ஊரு மட்டுமில்ல, பாட்டியோட மொதப் புருஷன் பேரையும் சேத்துக் காட்டிருச்சு. பாட்டி குடுத்துச்சு பாருங்க ஓட்டம்." முன் சீட்டில் இருந்த பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். கண்டக்டர் படிக்கட்டிலிருந்து, "அண்ணாச்சி ஏறுனா பஸ்ஸுக்கு டீசலே வேணாம், இவரு விடுற காத்துலயே திருமங்கலம் வரைக்கும் போயிரும்" என்றான். முருங்கைக்காய்க்காரருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "மூக்கையா சார்? நெசமாவா?" என்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அழகுமலைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நம்புகிற முகம். கேட்டதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிற முகம். அப்படி ஒரு முகத்தை அவருக்குத் தெரியும். வேண்டாம். ஜன்னல் பக்கம் திரும்பு. பைக்காரா ஸ்டாப். கரும்புச்சாறு வண்டி. பூட்டின செருப்புக் கடை. ஒரு ஹோட்டல். ஹோட்டலைத் தாண்டும்போது நெய் முறுகுகிற வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அவரைக் கையைப் பிடித்து அந்த மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதுவும் ஒரு சனிக்கிழமைதான். அதற்கு முந்தின வாரமும் இதேபோல ஒரு பேய் வாரம், ஸ்டாக் வரவில்லை, சனம் கெட்ட வார்த்தையில் வைதுவிட்டுப் போகிறது. இரண்டு நாள் வீட்டில் கிடந்தால் போதும் என்று வந்து தரையில் விழுந்தார். பஞ்சவர்ணம் தலைமாட்டில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு புதன்கிழமை தாக்கல் வந்துச்சு. மனசே சரியில்லைங்க. அண்ணனுக்கு ஒரு போன் போட்டு எப்படி இருக்குன்னு கேளுங்களேன். முடியலைன்னா இன்னைக்கே ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்றாள். வீட்டில் அவரிடம் மட்டும்தான் அப்போது போன். அருப்புக்கோட்டை என்ன அமெரிக்காவா, பஸ் ஏறிக் கண்ணசந்தால் வந்துவிடும். ஆனால் போன் போட்டால் 'வாங்க' என்பார்கள். 'வாங்க' என்றால் எழுந்து சட்டை போட வேண்டும், பஸ்ஸில் நிற்க வேண்டும், அங்கே போய் ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஞாயிறும் போய்விடும். மாடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ஏறினார். கொடியில் அவளுடைய புடவை காய்ந்துகொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தார். பட்டனை அமுக்கவில்லை. "ஹலோ, மச்சானா? நான்தான். அத்தைக்கு எப்படி இருக்கு? அப்படியா! அடி சக்கை!" கீழே கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. காதில் ஒரு சத்தமும் இல்லாத போனோடு அவர் சிரித்தார், கேள்வி கேட்டார், இடையில் 'உம்' கொட்டினார். கீழே இறங்கி வந்து, "உங்கம்மாவுக்கா உடம்பு சரியில்லை? தேங்காய்ச் சட்னி வச்சு ரெண்டு தோசையை முழுங்கிட்டு, மூணாவது எங்கேன்னு கேட்டிருக்கு. மதினிதான் செரிக்காது அத்தைன்னு தட்டை வாங்கி வச்சாங்களாம். அதுக்கு மருமகளோட சண்டை வேற" என்றார். இரண்டு தோசையோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மூன்றாவது எங்கிருந்துதான் வந்ததோ. கதை என்று ஆரம்பித்தால் அவருக்கு ஒரு பிடி உப்பைக் கூடுதலாகப் போடாமல் இறக்க வராது. பஞ்சவர்ணம் அந்த மூன்றாவது தோசைக்குத்தான் சிரித்தாள். "எங்கம்மாதான், எங்கம்மாவேதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். நல்ல தூக்கம். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு வரவேயில்லை. மறுநாள் சாயங்காலம் தகவல் வந்தது. அருப்புக்கோட்டையில், வாசலில் போட்டிருந்த பெஞ்சில் அண்ணன்காரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமையில இருந்து பச்சத்தண்ணி உள்ள எறங்கல மாப்ள. பஞ்சு வந்துருவா, பஞ்சு வந்துருவான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்களாவது ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?" என்றார். பின்னால் தலைவிரி கோலமாக நின்றிருந்த பஞ்சவர்ணம் அழுகையை நிறுத்தினாள். அழுகைதான் நின்றதென்று அவர் நினைத்தார். பேச்சும் அங்கேயே நின்றுவிட்டது. ஊரைக் கூட்டி நாலு கேள்வி கேட்டிருக்கலாம், செருப்பைக் கழற்றியிருக்கலாம், ஒன்றுமே இல்லை. திருநகர் வீட்டில் மாவு அரைப்பது மட்டும் நிற்கவில்லை, இட்லியாகும், பணியாரமாகும், ஊத்தப்பம்கூட ஒருநாள் ஆனது. தோசை மட்டும் அதற்கப்புறம் அந்த அடுப்பில் விழுந்ததே இல்லை.

திருப்பரங்குன்றம் மலை ஒரு பக்கமாக வந்து, பஸ்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனது. இறங்கி நடக்கும்போது கால் வீட்டுக்கும் போகிறது, போகவும் மாட்டேன் என்கிறது. என்ன சொல்வாள்? 'ஏங்க' என்று ஆரம்பிப்பாளா? அந்த 'ஏங்க' எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். அவள் குரல் தினமும் காதில் விழுந்த குரல்தான். தன்னை நோக்கி வந்தால் அது எப்படி இருக்கும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. வீட்டு வாசலில் செருப்பை உதறாமல், கழற்றி ஓரமாக வைத்தார். சட்டையைக் கழற்றவில்லை. கூடத்துக் கட்டிலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. கல்யாணப் பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து, இடையிடையே வேப்பிலை வைத்துப் பஞ்சவர்ணம் அதில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பரணுக்குத்தான் போகிறது சூட்கேஸ், அருப்புக்கோட்டைக்கு இல்லை. உட்கார்ந்தார். தட்டு வந்தது. சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். சாப்பிட்டார். அப்பளத்தை நொறுக்குகிற சத்தத்துக்கே வெட்கமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, வாரம் பூராவும் ஆசைப்பட்ட அந்தத் தரையில், அந்த ஃபேனுக்குக் கீழே படுத்தார். தரை சில்லென்றுதான் இருந்தது. முதுகுதான் ஒட்டவில்லை. அவள் புடவை மடிக்கிற சரசரப்பு. நின்றது. மறுபடியும் சரசரப்பு. மறுபடி நின்றது. நிற்கும்போதெல்லாம் அவர் மூச்சும் நின்றது. பேசப் போகிறாள், இதோ, இதோ. அவளும் இவர் பக்கம் பார்ப்பதும், புடவைக் கரையைத் தடவுவதுமாக இருந்தாள். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி. அந்தப் பார்வை அவருக்குப் புரியவில்லை.

"பேசுறதுன்னா பேசலாம். கேக்க ஆளு இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம், புடவையைப் பார்த்துக்கொண்டே. அழகுமலை தலையைத் தூக்கிக் கூடம் முழுக்கப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "யாரு... நானா?" "பொண்ணுகிட்ட சொல்லிவிட்டீகளாமே. இந்தச் சனி ஞாயிறு அம்மாகிட்ட உக்காந்து நானே பேசிக்கிறேன்னு." "நானா சொன்னேன்? நீ என்கிட்ட பேசணும்னு சொன்னதா இல்ல ரஞ்சி..." "நான் எப்பச் சொன்னேன்?" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓசூர் பக்கமிருந்து யாரோ சிரிப்பது போலிருந்தது. பஞ்சவர்ணத்தின் உதட்டோரம் கோணி, அடக்கப் பார்த்து, முடியாமல் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "களவாணிச் சிறுக்கி. அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு கொளுத்திப் போட்டுட்டுப் போயிருக்கா. அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கா." அழகுமலை எழுந்து உட்கார்ந்தார். பேசுகிறாள். அப்பனுக்கு என்று தன்னைச் சொல்கிறாள். "அப்ப, நீலச் சட்டை?" "எந்த நீலச் சட்டை?" "எனக்கு எடுப்பா இருக்குன்னு நீ சொன்னதா..." "நான் எதுக்கு அதச் சொல்லப் போறேன்? இந்த மனுசனுக்குக் கடையில வேற கலரே குடுக்க மாட்டேங்குறான்களான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்." வலிக்க வேண்டிய பேச்சுதான், வலிக்கவும் செய்தது. வெயிலில் நடக்காதே என்று அவள் சொல்லவில்லை. இளைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை. மிக்ஸி சத்தத்துக்குள்ளிருந்து வந்த ஒன்பது வருஷத்துப் பிரியமும் ஒரு சின்னப் பெண் ஊறப்போட்டு அரைத்தது. ஆனால் இப்போது, இந்தக் கூடத்தில், இவள் வாயைத் திறந்து அவரையே வைகிறாளே, அது போதாதா? அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அடுத்த புடவையை எடுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். சிரிப்பு மெல்ல முகத்தைவிட்டு இறங்கியது.

"அப்ப... எங்கம்மா நாளு?"

"என்ன நாளு?"

"எங்கம்மா தவறுன நாளுக்கு வருசா வருசம் நீங்க ஆபீஸ்ல பட்டினி கெடக்கீகன்னு சொல்லுவாளே. டிபன் பாக்ஸை யாருக்காவது குடுத்துருவீகளாம். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கீகளாம். நானும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிறல. வெறும் வயித்தோட வர்ற மனுசனாச்சேன்னு அன்னைக்கு மட்டும் நேரத்தோட வடிச்சு, சூடாப் போட்டு, நெய்யி ஊத்தி வைப்பேன்." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அது உங்க சோலிதான? அது அவ சொன்ன கதை இல்லைல்ல?"

சூடான சோறு. வருஷத்தில் ஒரு நாள், காரணமே தெரியாமல், ஆவி பறக்க ஒரு தட்டு. ஏனென்று அவர் கேட்டதேயில்லை. அவள் முகம் அந்தச் சனிக்கிழமை மாடிப்படிக்குக் கீழே அண்ணாந்து நின்றதே, அதே முகம். கேட்டதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளத் தயாரான முகம். 'ஆமா' என்ற சொல் அவர் வாயில் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது. அது தனியாகவும் வரவில்லை. முதல் வருஷம் மயக்கம் போட்டு விழுந்தது, முதலாளி பதறியடித்துக் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு ஓடி வந்தது, வேண்டாம், இது எங்கள் அத்தைக்கு என்று தம்ளரைத் தள்ளிவிட்டது, எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அவளுக்கு வேண்டியது அதுதான், அவருக்கு வேண்டியதும் அதுதான். போனை அமுக்காமல் காதில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மாடி வெயில் உச்சந்தலையில் சுட்டது. இன்னொரு தடவை இந்த முகத்துக்கா? முடியாது. செத்தாலும் முடியாது.

"இல்ல பஞ்சு" என்றார். "சாப்பிட்டேன். எல்லா வருசமும் சாப்பிட்டேன். அன்னைக்குத்தான் அந்த நாளுங்கிற நெனப்பே எனக்கு இருந்ததில்ல."

பஞ்சவர்ணம் கையிலிருந்த புடவையை மடித்தாள். பாதி மடித்ததும் மறுபடி பிரித்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"இதையாவது பொய்யாச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

புடவையைக் கட்டிலில் போட்டுவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டேயிருந்தது. அழகுமலை தரையில் உட்கார்ந்தபடி சமையலறைப் பக்கம் ஒரு தடவை எழப் பார்த்தார், கை ஊன்றியது, உடம்பு வரவில்லை. தெருவில் யாரோ ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெயில் இன்னும் ஜன்னலைவிட்டு இறங்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, முழுசாகக் கிடந்தது.